ராஜ்யசபாவில் அண்ணா: ஓட்டெடுப்பில் தோற்ற எம்.பி.யை எப்படி மதிப்பிடுவது?

தேர்தல் நெருங்கினாலே எம்.பி.க்களின் ‘ரிப்போர்ட் கார்டு’ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். வருகை எத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் எத்தனை, கலந்துகொண்ட விவாதங்கள் எத்தனை என்று ஒரே படத்தில் எல்லாம் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு, நம்ம எம்.பி. பாஸா ஃபெயிலானு முடிவு கட்டிவிடுகிறோம்.

கிழக்கு கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் நெம்மேலியை எடுத்துக்கொள்வோம். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்குப் பேர் போன ஊர். கடல் அரிப்பால் அவதிப்படும் மீனவக் குப்பமும் இங்கே இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கு ஓட்டுப் போடுவது காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில். தங்கள் எம்.பி. டெல்லியில் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள இவர்கள் எதைப் பார்க்க வேண்டும்? எண்களை மட்டும் பார்த்தால் போதுமா?

இந்தக் கேள்விக்கு, அதே காஞ்சிபுரத்தில் பிறந்த ஒருவரின் நாடாளுமன்ற வாழ்க்கை நல்ல பதில் சொல்கிறது. அவர் சி.என்.அண்ணாதுரை. முதலமைச்சர் அண்ணாவை எல்லோருக்கும் தெரியும். எம்.பி. அண்ணாவைப் பலருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகள்கூட நிறைவடையாத அந்தப் பதவிக்காலத்தில், முக்கியமான ஓட்டெடுப்புகளில் அவர் தரப்பு தோற்றுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை.

காஞ்சிபுரத்தில் இருந்து தொடக்கம்

1909 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் அண்ணா பிறந்தார். இன்று காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று இரண்டு மாவட்டங்களாக இருப்பவை அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். நெம்மேலியும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். 2019 நவம்பரில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது.

சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்தார். 1934-ல் பெரியாரைச் சந்தித்தார். ‘விடுதலை’யில் பணியாற்றினார். 1942-ல் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். பெரியாருடன் கருத்து வேறுபாடு முற்றிய பிறகு, 1949 செப்டம்பர் 17 அன்று திமுகவை உருவாக்கினார்.

புதுக் கட்சி உடனே தேர்தலில் குதிக்கவில்லை. 1957-ல்தான் முதன்முதலாகக் களம் கண்டது. சட்டமன்றத்துக்கு 15 பேரும், மக்களவைக்கு 2 பேரும் ஜெயித்தார்கள். காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் அண்ணா வென்றார்.

ஐந்து ஆண்டு கழித்து நிலைமை விசித்திரமாக மாறியது. 1962 தேர்தலில் திமுகவின் பலம் 15-ல் இருந்து 50 ஆக உயர்ந்தது. மக்களவைக்கும் 7 பேர் போனார்கள். ஆனால் கட்சியின் தலைவர் அண்ணா சொந்த ஊரிலேயே தோற்றுப்போனார். அவரை வென்றவர் காங்கிரஸின் நடேச முதலியார்.

தோற்றவர் எப்படி எம்.பி. ஆனார்?

மக்களவை எம்.பி.யை நாம் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். ராஜ்யசபா எனப்படும் மாநிலங்களவை எம்.பி.யை அந்தந்த மாநிலத்தின் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். விகிதாசார முறை என்பதால், சட்டமன்றத்தில் ஓரளவு பலம் உள்ள எதிர்க்கட்சிக்கும் இடம் கிடைக்கும். 50 எம்.எல்.ஏ.க்கள் இருந்த திமுக, அண்ணாவை 1962 ஏப்ரலில் டெல்லிக்கு அனுப்பியது.

அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் பல்ராம்பூர் மக்களவைத் தொகுதியில் தோற்ற இன்னொருவரும் ராஜ்யசபாவுக்கு வந்தார். அவர் அடல் பிஹாரி வாஜ்பாய். சொந்தத் தொகுதியில் தோற்ற இரண்டு எதிர்க்கட்சிப் பேச்சாளர்கள், பின்னாளில் ஒருவர் முதலமைச்சர், மற்றவர் பிரதமர். அப்போது இருவரும் ஒரே அவையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய ராஜ்யசபாவில் காங்கிரஸுக்கு அசுர பலம். திமுகவுக்குக் கையளவு பலம்கூட இல்லை. அப்போ அண்ணா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும் முடிவு மாறப் போவதில்லை. கையில் இருந்தது பேச்சு மட்டும்தான்.

1962 மே 1: முதல் பேச்சு

குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது அண்ணா தன் முதல் உரையை நிகழ்த்தினார். பொதுவாகப் புதிய உறுப்பினரின் முதல் பேச்சு சாதுவாக இருக்கும். இது அப்படி இல்லை. தான் திராவிட மரபில் வந்தவன் என்று அறிமுகம் செய்துகொண்டு, தென்னகத்துக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும் என்று ஆங்கிலத்தில் வாதாடினார். இது வடநாட்டு மக்கள் மீதான வெறுப்பால் எழுந்த கோரிக்கை அல்ல என்பதையும் விளக்கினார்.

பல உறுப்பினர்கள் குறுக்கிட்டார்கள், கடுமையாக மறுத்தார்கள். மேடையில் தமிழ்நாட்டு மக்களிடம் சொல்லிவந்த கோரிக்கையை, அதை ஏற்கவே முடியாது என்று நினைப்பவர்கள் நிறைந்த அவையில் அப்படியே சொன்னார் என்பதுதான் இந்தப் பேச்சின் முக்கியத்துவம்.

வருகைப் பதிவு என்ன சொல்லும், என்ன சொல்லாது?

அதே ஆண்டு ஜூலையில் விலைவாசி உயர்வை எதிர்த்துத் திமுக போராட்டம் நடத்தியது. அண்ணா கைதாகி வேலூர் சிறைக்குப் போனார். 1963 நவம்பரில், அரசியல் சட்டத்தின் ஆட்சிமொழிப் பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காக மீண்டும் கைது, ஆறு மாதத் தண்டனை. 1965 ஜனவரியில் மொழிப் போராட்டத்தை ஒட்டி இன்னொரு முறை கைது.

இன்றைய ரிப்போர்ட் கார்டில் இதெல்லாம் எப்படித் தெரியும்? ‘வரவில்லை’ என்றுதான். ஏன் வரவில்லை என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. வருகைப் பதிவு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. காரணமே இல்லாமல் அவைக்குப் போகாத எம்.பி.யை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

முதல் தோல்வி: 16-வது திருத்தம்

1962 அக்டோபரில் சீனப் போர் வெடித்தது. அண்ணா பிரிவினைப் பிரசாரத்தை நிறுத்திவைத்து, போர் முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தார். ஆனால் மத்திய அரசு அதோடு விடவில்லை. பிரிவினை கோருவதையே சட்டப்படி தடுக்க, அரசியல் சட்டத்தின் 16-வது திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்க, பேச்சுரிமை உள்ளிட்ட உரிமைகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். இரண்டு, தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். பிரிவினையைக் கொள்கையாக வைத்திருக்கும் கட்சி இனி தேர்தலில் நிற்கவே முடியாது.

1963 ஜனவரியில் ராஜ்யசபாவில் அண்ணா இதை எதிர்த்துப் பேசினார். நாட்டுக்கு ஆபத்து வந்தபோது தாங்களாகவே கோரிக்கையை ஒதுக்கிவைத்த பிறகு, இப்படி ஒரு சட்டத்துக்கு என்ன அவசரம் என்பது அவர் வாதம். இறையாண்மை என்பது கடைசியில் மக்களிடம்தான் இருக்கிறது என்றும், ஒரு கருத்தைச் சட்டத்தால் அடக்குவதைவிட வாதத்தால் வெல்வதே ஜனநாயகம் என்றும் எடுத்துரைத்தார்.

அவை ஏற்கவில்லை. மே மாதம் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. அக்டோபர் 5 அன்று அமலுக்கு வந்தது. அடுத்த மாதமே திமுக தன் கட்சி விதிகளைத் திருத்தி, தனிநாடு கோரிக்கையை முறைப்படி கைவிட்டது.

இதை எப்படிப் பார்ப்பது? பயந்து பின்வாங்கிவிட்டார் என்று அன்றைக்கே விமர்சித்தவர்கள் உண்டு. கட்சியையும் தேர்தல் பாதையையும் காப்பாற்றிய முடிவு என்று பாராட்டியவர்களும் உண்டு. எது எப்படி இருந்தாலும், ஒரு விஷயம் பதிவில் தெளிவாக இருக்கிறது. சட்டமாகும் வரை எதிர்த்துப் பேசினார். சட்டமான பிறகு அதற்குள் நின்று கட்சியை நடத்தினார். பிரிவினைக்கான காரணங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன என்று சொல்லி, அவற்றுக்கு மாநில சுயாட்சி என்ற வழியில் தீர்வு தேடினார்.

அந்த உறுதிமொழி இன்றும் இருக்கிறது. காஞ்சிபுரம் தொகுதியில் மனு தாக்கல் செய்யும் ஒவ்வொரு வேட்பாளரும் தேர்தல் அதிகாரி முன்னால் அதை எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது தோல்வி: ‘தமிழ்நாடு’ என்ற பெயர்

நம்ம மாநிலத்தின் பெயர் அப்போது ‘மெட்ராஸ் ஸ்டேட்’. பெயர் மாற்றம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரைவிட்டார். அப்படியும் பெயர் மாறவில்லை.

1963-ல் ராஜ்யசபாவில் இதற்காக ஒரு தனிநபர் மசோதா விவாதத்துக்கு வந்தது. கொண்டுவந்தவர் தமிழர் அல்ல. வங்காளத்தைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் உறுப்பினர் பூபேஷ் குப்தா. அண்ணா அதை முழு மனதோடு ஆதரித்தார்.

தனிநபர் மசோதா என்றால்? அமைச்சராக இல்லாத எந்த எம்.பி.யும் கொண்டுவரும் மசோதா. அது சட்டமாவது குதிரைக்கொம்பு. இதுவரை 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். திருநங்கையர் உரிமைகளுக்காகத் திமுகவின் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015-ல் ராஜ்யசபாவில் நிறைவேறியபோது அது பெரிய செய்தியானது அதனால்தான். அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை.

அண்ணாவின் வாதம் எளிமையானது. ‘தமிழ்நாடு’ புதிதாக யாரோ கண்டுபிடித்த பெயர் இல்லை, பழந்தமிழ் இலக்கியத்திலேயே இருக்கிறது என்று பரிபாடல், பதிற்றுப்பத்து, சிலப்பதிகாரம் என்று சான்றுகளை அடுக்கினார். மெட்ராஸ் என்பது தலைநகரின் பெயர், மாநிலத்துக்கும் அதே பெயர் எதற்கு என்று கேட்டார்.

பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன லாபம் என்று அவையில் ஒரு கேள்வி எழுந்தது. பார்லிமென்ட்டின் அவைகளை லோக்சபா, ராஜ்யசபா என்றும் ஜனாதிபதியை ராஷ்டிரபதி என்றும் அழைப்பதால் உங்களுக்கு என்ன லாபமோ, அதே லாபம்தான் என்ற பொருளில் அண்ணா பதில் தந்தார். உணர்வுக்கு மதிப்பு உண்டு என்பதை எதிர்த்தரப்பின் உதாரணத்தை வைத்தே காட்டிவிட்டார்.

மசோதா தோற்றது. அன்றைய தேதியில் ரிப்போர்ட் கார்டு போட்டிருந்தால், ‘ஆதரித்தார், நிறைவேறவில்லை’ என்று ஒரு வரியோடு முடிந்திருக்கும்.

மூன்றாவது தோல்வி: ‘மே’யா, ‘ஷல்’லா?

அதே 1963 மே மாதம் ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. 1965 ஜனவரி 26-க்குப் பிறகு இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற பயத்தைப் போக்கத்தான் இந்தச் சட்டம் என்றது அரசு. அந்தத் தேதிக்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்று அது சொன்னது.

சிக்கல் ஒரே ஒரு வார்த்தையில் இருந்தது. ஆங்கில வாசகத்தில் இருந்தது ‘மே’. அதாவது தொடரலாம். தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற பொருள் தரும் ‘ஷல்’ வேண்டும் என்பது திமுகவின் கோரிக்கை. ‘லாம்’ என்று எழுதினால், நாளைக்கு ஒரு அரசு ‘வேண்டாம்’ என்று முடிவெடுக்கவும் வழி இருக்கிறதே என்று அண்ணா சுட்டிக்காட்டினார். நேரு தந்த உறுதிமொழி சட்டத்தில் ஏறாவிட்டால், அவருக்குப் பிறகு அதற்கு என்ன உத்தரவாதம் என்பதுதான் கவலை.

வாசகம் மாறவில்லை. 1964 மே மாதம் நேரு மறைந்தார். 1965 ஜனவரியில் அந்தக் கெடு நெருங்கியபோது தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். தீக்குளிப்பும் துப்பாக்கிச் சூடும் பல உயிர்களைக் குடித்தன.

இங்கே செங்கல்பட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அன்றைய செங்கல்பட்டு மக்களவை உறுப்பினர் ஓ.வி.அளகேசன், காங்கிரஸ்காரர், மத்திய அமைச்சர். 1965 பிப்ரவரியில் அவரும் சி.சுப்பிரமணியமும் மொழிப் பிரச்சினைக்காகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி, நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும் என்று வானொலியில் அறிவித்தார். பிறகு இருவரும் அமைச்சரவையில் தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு எதிர்க்கட்சி எம்.பி. எழுப்பிய கவலை, ஆளுங்கட்சி அமைச்சர்களே கடிதம் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

தோற்றவை எல்லாம் என்ன ஆயின?

1967 தேர்தலில் திமுக ஆட்சியைப் பிடித்தது. அண்ணா அந்த முறை சட்டமன்றத்துக்குப் போட்டியிடவில்லை. தென் சென்னை மக்களவைத் தொகுதியில் நின்று வென்றிருந்தார். ஆனால் மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பதவியேற்று, மக்களவை இடத்தை விட்டுக்கொடுத்தார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் அங்கே போனார். அண்ணாவின் டெல்லி அத்தியாயம் முடிந்தது.

ஆனால் டெல்லியில் தோற்ற விஷயங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பெயர்: 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் ‘தமிழ்நாடு’ பெயர் மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. காங்கிரஸும் ஆதரித்தது. 1968-ல் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை இயற்றியது. 1963-ல் இதே கோரிக்கையை நிராகரித்த அதே ராஜ்யசபாவும் ஒப்புதல் தந்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில் ‘தமிழ்நாடு’ நடைமுறைக்கு வந்தது.

மொழி: 1967 கடைசியில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலச் சட்டமன்றங்களும் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்கும்வரை ஆங்கிலத்தை நீக்க முடியாது என்று ஆனது. அண்ணா கேட்ட உத்தரவாதத்தில் பெரும்பகுதி சட்டத்தில் ஏறியது. முழுத் திருப்தி இல்லை. 1968 ஜனவரி 23 அன்று தமிழக சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது.

சுயநிர்ணயம்: அது திரும்ப வரவில்லை. அண்ணாவே கைவிட்ட கோரிக்கை அது.

அப்போ கணக்கு என்ன? மூன்று பெரிய விவாதங்கள், மூன்று தோல்விகள். அதில் ஒன்று ஐந்தே ஆண்டுகளில் வெற்றியாக மாறியது. இன்னொன்று பாதிக்கு மேல் வென்றது. மூன்றாவதில் அவரே நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். ஓட்டெடுப்பின் முடிவை அந்தந்த நாளோடு நிறுத்தினால் இது எதுவும் தெரியாது.

அண்ணாவுக்குப் புற்றுநோய். 1968-ல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்தார். உடல்நிலை தேறவில்லை. மாநிலத்துக்குப் புதுப் பெயர் வந்த இருபதாவது நாள், 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். வயது 59.

இன்றைய எம்.பி.யின் ஓட்டைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. நாடாளுமன்றத்தில் அதிகமான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்ல, எதிர்ப்பவர்கள் இல்லை என்று சொல்ல, அவைத் தலைவர் முடிவை அறிவித்துவிடுவார். யார் என்ன சொன்னார் என்று பெயர்வாரியான பதிவு இருக்காது. உறுப்பினர்கள் ‘டிவிஷன்’ கேட்டால்தான் ஓட்டு எண்ணப்படும். அரசியல் சட்டத் திருத்தம் மட்டும் விதிவிலக்கு. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால் எண்ணியே ஆக வேண்டும்.

இன்னொரு பெரிய வித்தியாசமும் இருக்கிறது. அண்ணா காலத்தில் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை. 1985-ல்தான் அது வந்தது. இன்று கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். அதனால் இன்றைய எம்.பி.யின் ஓட்டு பெரும்பாலும் கட்சியின் ஓட்டுதான். அவருடைய சொந்த உழைப்பு தெரிவது பேச்சிலும், கேள்வியிலும், நிலைக்குழுக்களிலும், தனிநபர் மசோதாவிலும்தான்.

ரிப்போர்ட் கார்டைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கேள்விகளின் எண்ணிக்கையை விட, எதைப் பற்றிய கேள்வி என்பது முக்கியம். நெம்மேலிக்காரர்கள் என்றால் கடல் அரிப்பு, மீனவர் வாழ்வாதாரம், குடிநீர்த் திட்டம் பற்றி ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று மக்களவை இணையதளத்தில் தேடலாம். எழுத்துப்பூர்வ பதில்களும் அங்கேயே இருக்கும்.

2. வருகை குறைவாக இருந்தால் காரணம் தேடுங்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. அவர்களை மற்ற எம்.பி.க்களோடு ஒப்பிட முடியாது.

3. தொகுதியில் பேசுவதையே டெல்லியிலும் பேசுகிறாரா? அவையில் பேசுவது பதிவாகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

4. ஒரு விவாதத்தில் தோற்ற பிறகு அந்த விஷயத்தை விட்டுவிட்டாரா, தொடர்ந்து எழுப்பினாரா? நிலைப்பாட்டை மாற்றியிருந்தால், ஏன் என்று மக்களிடம் விளக்கினாரா?

எண்ணிக்கைப் பட்டியலில் கடைசிக் கேள்விக்கு இடம் இருக்காது. அண்ணாவின் ஐந்து ஆண்டுகளில் அதிகம் சொல்வது அதற்கான பதில்தான். அடுத்த முறை காஞ்சிபுரம் எம்.பி.யின் ரிப்போர்ட் கார்டு உங்கள் போனுக்கு வந்தால், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஃபார்வர்டு செய்யாமல், அவர் பேசிய ஒரு உரையையாவது முழுசாகப் படித்துப் பாருங்கள்.